மடை திறந்தே இருக்கட்டும்

சோலைமலைக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும் தெரு ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. மனுஷன் இத்தனை காலமும் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார். உண்மையில் அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைக் கெட்டிப்படுத்தும் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? அதனால், டாக்டர் எஸ்தரின் அறைக்கு முதன்முதலில் வந்தபோது, பிழைப்பேனா மாட்டேனா என்று அவர் கேட்கவில்லை. கேஸ் ஷீட்டின் தலையில் ‘குடிப்பழக்கம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைக்கச் சொன்னார். எஸ்தர் அப்படியே செய்தாள். காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சீல் அசல்தானா என்று பார்த்த பிறகே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் ஓய்வு பெற்ற பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர். வேலையில் இருந்த காலத்தில் மதுரை டவுன் பஸ்ஸில் அவர் ஏறினால், டிக்கெட் வாங்கியவனுக்கே வயிற்றைக் கலக்கும். ஓய்வு பெற்றதோடு பஸ் போயிற்று, செக்கிங் போகவில்லை. அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்று அவருடன் வந்திருந்த மனைவி பஞ்சவர்ணம், பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தாள். அவளுடைய வளையலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட் மடித்துச் செருகியிருந்தது. எஸ்தர் அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி, அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

நோயை விளக்குவது எஸ்தருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுக்க ஈரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். ஈரல் கல்லாகிப் போனால் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் தேங்கும். தேங்கியது வேறு வழி தேடும். உணவுக்குழாயில் இருக்கிற மெல்லிய ரத்தநாளங்கள் புடைத்துக்கொண்டு, ஒருநாள் வெடிக்கும். சோலைமலை ரத்தமாக வாந்தி எடுத்தது அதனால்தான். ஈரலைத் தொடாமல் ஒரு பைபாஸ் போட்டுவிட்டால் அழுத்தம் குறைந்துவிடும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

“இருங்க டாக்டரம்மா. ஈரல்தான் உள்ளுக்குள்ள செக்கிங் இன்ஸ்பெக்டர். பைபாஸ்ல போற ரத்தம் செக்கிங் இல்லாம போயிரும். அதான சிக்கல்?”

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ படம் போட்டு விளக்கியிருக்கிறாள். இவ்வளவு கச்சிதமாக ஒரு தடவையும் வந்ததில்லை.

“அதேதாங்கய்யா. குடல்ல உண்டாகிற நஞ்சு நேரா மூளைக்குப் போயிரும். ஆளு மந்தமாகும், கணக்கு தப்பும், ராத்திரி பகல் மாறும். ரொம்பப் போனா நினைவே தப்பிரும்.”

“அப்ப ஆளே மாறிருவான்.”

“மாறக் கூடாதுன்னுதான் இந்த மடை.”

மேஜை மேல் இருந்த பொருளை எடுத்துக் காட்டினாள். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத வால்வு அது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதை மடை என்றே அழைத்தார்கள். பைபாஸின் வாயில் அதைப் பொருத்திவிட்டால், அழுத்தம் ஏறும்போது தானாகத் திறக்கும், இறங்கும்போது தானாக மூடும். அதிகபட்சம் எவ்வளவு திறக்கலாம் என்பதை வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்து வெளியிலிருந்தே அமைத்துவிடலாம்.

“அந்தக் கருவி யாருகிட்ட இருக்கும்?” என்று சோலைமலை கேட்டார். தன்னிடம் என்றாள் எஸ்தர். அவர் அவளைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் அவர் சோதிக்காமல் யாரையாவது நம்பினார் என்றால் அது அந்த ஒரு தடவைதான் என்று பஞ்சவர்ணம் பின்னால் சொன்னபோது, அதைக் கேட்கிற யோக்கியதையை எஸ்தர் இழந்திருந்தாள்.

மடையை அதற்கு முன் பன்றிகளுக்கு வைத்துப் பார்த்திருந்தார்கள். அதில் ஒன்று மகா முரடு. தீவனம் போடப் போனவர்களை எல்லாம் கடித்துவைக்கும். அதன் மடையைச் சற்று அகலமாகத் திறந்து விட்டபோது, அது சாதுவாகி, வருகிறவர்கள் காலடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கூடமே குதூகலப்பட்டது. எஸ்தரும்தான். நல்ல முன்னேற்றம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒரு முரடு சாதுவாகிவிட்டால் அது நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதில் எவருக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லை. பன்றியைக் கேட்கவும் வழியில்லை.

சோலைமலைக்கு அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. ரத்த வாந்தி நின்றது. வீட்டுக்குப் போனார். சித்திரை பிறந்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒருநாள் பரிசோதனைக்கு வந்தபோது, கதவைத் திறந்து மனைவியை முதலில் உள்ளே விட்டார். சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தார். தையலும் லேபிளும் வெளியே தெரிந்தன. எஸ்தரைப் பார்த்துக் கும்பிட்டு, அவள் முகம் வாடியிருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுவதில்லையா என்று விசாரித்தார்.

எஸ்தருக்குச் சட்டென்று புரிந்தது. எழுந்து அவர் அருகே போனாள். மூச்சில் அழுகிய பழத்தின் இனிப்பு வாடை. போக்குவரத்தை நிறுத்துவதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னாள். நீட்டினார். ஒரு கை மணிக்கட்டில் சட்டென்று தொய்ந்து விழுந்து நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றது. இந்த நோயில் கைக்கு நடுநடுவே தூக்கம் வரும். ஒரு தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொன்னாள். பஸ் ஓடும்போதே டிக்கெட் எண்ணைப் படித்துக் கணக்குச் சொன்னவர், ஏழுக்கு அடுத்ததைத் தேடிக் குழந்தைபோல் விழித்தார்.

மடை தேவைக்கு மேல் திறந்திருந்தது. சரிசெய்ய நிமிஷ வேலை. அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு எஸ்தர் கருவியை எடுத்தாள். பஞ்சவர்ணம் போகவில்லை. இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டரம்மா, அதை அப்படியே விட்டா என்ன?”

முதலில் எஸ்தருக்கு விளங்கவில்லை. பஞ்சவர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். கடைத்தெருவுக்குப் போய் வந்தால் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். எந்த பஸ், எந்த ஸ்டேஜ், நேரம் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பெண்களுக்கு இலவசம் என்று ஆன பிறகும் அந்தச் சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பையைக் கொட்டிப் பார்ப்பார். மகள் தமயந்தியின் போனை நடு வீட்டில் வைத்துப் பேச வேண்டும். அவளுக்கு நிச்சயமாக இருந்த இரண்டு சம்பந்தங்களை, மாப்பிள்ளையின் அலுவலகத்துக்கே போய் விசாரணை செய்து கெடுத்துவிட்டார். இப்போது வந்திருப்பது மூன்றாவது. பையன் தங்கமானவன். ஆவணியில் கல்யாணம்.

“என்னைய இவரு அடிச்சதில்ல டாக்டரம்மா. அடிச்சிருந்தாக்கூட நாலு பேருகிட்ட சொல்லிருக்கலாம். இத என்னன்னு சொல்றது? போன வாரம் எங்கிட்ட வந்து, சாப்ட்டியா பஞ்சுன்னு கேட்டாரு. கல்யாணமான நாள்ல இருந்து கேட்டதில்ல. நான் அடுப்படியில போயி அழுதேன்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கல்யாணம் முடியற வரைக்கும் போதும். கேக்கவே கேவலமாத்தான் இருக்கு. புருசன் புத்தி கலங்கியே இருக்கட்டும்னு கேக்குற பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.”

எஸ்தர் முடியாது என்றுதான் சொன்னாள். மூளைக்கு ஆபத்து, ஒருநாள் எழுப்ப முடியாத தூக்கத்தில் விழுந்துவிடுவார் என்று எடுத்துச் சொன்னாள். பஞ்சவர்ணம் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் எஸ்தரை என்னவோ செய்தது.

அது மட்டும் என்று சொன்னால் பொய். மடை அகலமாகத் திறந்திருக்கும்வரை ரத்தக் கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மடைச் சோதனையை நோயாளிகளிடம் தொடரலாமா என்று முடிவு செய்ய டெல்லியிலிருந்து ஒரு குழு அந்த மழைக்காலத்தில் வர இருந்தது. அவர்கள் முதலில் கேட்கப்போவது, எத்தனை பேருக்கு மறுபடி ரத்தம் கசிந்தது என்பதைத்தான். எத்தனை பேர் சட்டையை உள்வெளியாகப் போட்டார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இரக்கமும் சௌகரியமும் ஒரே பக்கம் நின்றால் மனசாட்சியைச் சரிக்கட்டுவது எளிது. அவர் வந்ததும் வயிற்றில் வைப்பதற்காக, எஸ்தர் கருவியில் அளவைப் பாதி மட்டும் குறைத்து வைத்தாள். பாதிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூளைக்குச் சொந்தக்காரர் வெளியே பெஞ்சில், ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு அவருடைய பரிசோதனைகளை எஸ்தர் தன் அறையிலேயே தனியாகச் செய்தாள். ஸ்கேன் அறைக்கு அனுப்பினால் அங்கே இருக்கிறவர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள், கையைப் பார்ப்பார்கள், ஏன் மடையைக் குறைக்கவில்லை என்பார்கள். அதனால் ஸ்கேனைத் தள்ளிப்போட்டாள். கருவியை மட்டும் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். மடையை எந்த அளவில் நிற்கச் சொல்லியிருக்கிறதோ அதைத்தான் கருவி காட்டும். மடை சொன்னபடி நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. அது எஸ்தருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆள் சாதுவாக இருந்தார். சாதுவாக இருந்தால் மடை திறந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பன்றிக் கொட்டகையில் பழகிய கணக்கு அது.

பஞ்சவர்ணம் மாறிப்போயிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வளையலில் டிக்கெட் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கசக்கி எறிந்துவிடுகிறாளாம். சாயங்காலமானால் இருவரும் வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்களாம். “மனசுல கெடந்த அத்தனையும் அவருகிட்டயே கொட்டித் தீத்தேன் டாக்டரம்மா. உங்ககிட்ட கேட்டதக்கூடச் சொல்லிட்டேன். தலைய ஆட்டிக் கேட்டுக்குவாரு. விடிஞ்சா மறந்துருவாரு” என்று அவள் சொன்னபோது எஸ்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி முகூர்த்தத்தில் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பஞ்சவர்ணமே நேரில் வந்து பத்திரிகை வைத்து அழைத்ததால் எஸ்தர் போனாள். மண்டப வாசலில் சிரிப்பு வெடித்துக்கொண்டிருந்தது. யாரோ விளையாட்டாக ஒரு பழைய கண்டக்டர் பையைச் சோலைமலையின் தோளில் மாட்டி, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக் கண்டக்டர் பை கிடையாது. கேலி செய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? பட்டு வேட்டியில் பெண்ணின் தகப்பன், வருகிறவர்களிடம் எல்லாம் கையை நீட்டி டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பீடா சுற்றிய தாளைக் கொடுத்தார். ஒருத்தி தலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்துக் கொடுத்தாள். அவரால் ஒரு காலத்தில் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட கண்டக்டர் ஒருவர் வாழையிலைக் கிழிசலை அவர் உள்ளங்கையில் வைத்து, “சீசன் டிக்கெட்டு, பாத்துக்கங்க சார்” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சோலைமலையும் சிரித்தார். இலைக் கிழிசலைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

எஸ்தருக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த மனிதர் தன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர். இவரை இப்படிச் சந்தியில் நிறுத்தியது தான்தான். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவர் எதிரில் வந்து கையை நீட்டிவிட்டார். அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

“டாக்டரம்மா ப்ரீ பாஸ். உள்ள போங்க” என்றார்.

அவள் உள்ளே போனாள். இலையில் வைத்த இனிப்பைத் தொட முடியவில்லை. சாப்பிடாமல் எழுந்தால் வீட்டார் மனம் நோகும் என்று ரசத்தை மட்டும் சோற்றில் கலந்து விழுங்கிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரமே வரச் சொன்னாள். மடையைச் சரியான அளவுக்குக் குறைக்கப்போவதாகப் பஞ்சவர்ணத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். “கல்யாணம் வரைக்கும்னு நாந்தான் கேட்டேன்” என்றாள் பஞ்சவர்ணம். இரண்டு பெண்களாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. பஞ்சவர்ணம் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். சோலைமலை, உள்வெளியாகப் போட்ட சட்டையோடு உள்ளே வந்தார்.

வழக்கம்போல் கைகளை நீட்டச் சொன்னாள். நீட்டினார். கைகள் ஆடின.

எஸ்தர் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு கைகளும் சேர்ந்தாற்போல் மேலும் கீழும் ஆடின. பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள். இந்த நோயில் கை ஆடாது, விழும். ஒன்று விழும்போது மற்றது விழாது. இவர் வார்டில் மற்ற நோயாளிகளைத் தூரத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். எஸ்தர் குனிந்து அவர் மூச்சை முகர்ந்தாள். டீ வாசனைதான் வந்தது.

“எப்ப இருந்துங்கய்யா தெளிவா இருக்கீங்க?”

கைகள் இன்னும் கொஞ்ச நேரம் ஆடின. பிறகு மெல்லத் தணிந்து மடிக்கு வந்தன.

எஸ்தர் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. மலம் கருப்பாகப் போகிறதா என்று கேட்டாள். ஒரு வாரமாகப் போகிறது என்றார். கையைப் பிடித்து ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போய், அங்கிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தானே ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தாள். மடை இருக்கும் இடத்தில் ஓட்டம் இல்லை. திசு வளர்ந்து மூடி, முழுக்கத் தூர்ந்து கிடந்தது. எத்தனையோ நாளாக அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும். பைபாஸ் அடைபட்டதும் ரத்தம் மறுபடி ஈரல் வழியாகவே போய்ப் புத்தி தெளிந்திருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தநாளங்கள் மறுபடி புடைத்து, கசியத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆள் போயிருப்பார்.

“கருப்பாப் போனா ஓடி வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஏன் சொல்லல?”

“சொன்னா சரி பண்ணிருவீங்க. சரி பண்றப்ப எனக்கு எப்பவோ தெளிஞ்சு போச்சுன்னு வீட்டுல தெரிஞ்சுரும்.”

படுத்தவாறே கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஆடி பிறந்த சமயம் ஒருநாள் காலையில் எழுந்தபோது எல்லாம் துலக்கமாக இருந்ததாம், கண்ணாடியைத் துடைத்து மாட்டியதுபோல. துலக்கமானதோடு, மங்கலாக இருந்தபோது கேட்டதெல்லாமும் நினைவுக்கு வந்துவிட்டது.

“ஒண்ணும் மறக்கல டாக்டரம்மா. புள்ளையத் தட்டிக்கிட்டே பேசுற மாதிரி அவ எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருந்தா. நான் பைய கொட்டுனது, மகளோட செநேகிதிய வாசல்ல நிறுத்தி விசாரிச்சது, அவ அப்பாரு செத்ததுக்குப் போயிட்டு வந்தவகிட்ட டிக்கெட்டு கேட்டது. அன்னைக்கும் கேட்டேன். இழவு வீட்டுல இருந்து வந்தவகிட்ட.” ஸ்கேனுக்குத் தடவிய பசையை வயிற்றிலிருந்து துடைத்தார். “எம்பது பேரு போற பஸ்ஸுல எவன் டிக்கெட்டு எடுக்கலன்னு மொகத்தப் பாத்தே கண்டுபிடிப்பேன். எம் பொண்டாட்டி மொகத்த நான் பாத்ததே இல்ல. தெளிஞ்ச அன்னைக்கு, அவ காப்பி கொண்டாந்து குடுத்தா. தெளிஞ்சுட்டேன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பத்தான் அவ கையப் பாத்தேன். வளையல்ல டிக்கெட்டு இல்ல. சொல்லலாம்னு நெனச்சத முழுங்கிட்டு, காப்பிய மீசையில தடவிக்கிட்டேன். அவ சிரிச்சா.”

மண்டபத்தில் டிக்கெட் கேட்டதும் தெளிவோடுதானா என்று எஸ்தர் கேட்டாள். ஆமாம் என்றார். “அந்தக் கண்டக்டர் எலையக் குடுத்தான். வாங்கிக்கிட்டேன். அவன் புள்ளைக படிப்பு நின்னதுக்கு நான் அம்புட்டாச்சும் வாங்கிக்கணும்ல?”

எஸ்தருக்கு இனி மறைக்க முடியவில்லை. மடை அன்று தானாகத் திறந்து நிற்கவில்லை, தான்தான் முழுதாகக் குறைக்காமல் விட்டதாகச் சொன்னாள். டெல்லிக் குழுவைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது முகம் சுட்டது.

“மொதப் பாதி தெரியும். அதையும் அவ சொல்லிட்டா. டெல்லி எனக்குப் புதுசு.” அவர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எஸ்தருக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். “கேட்டிருந்தா சத்தியமா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். உங்க மேல பெட்டிசன் போட்டிருப்பேன். அப்பறம் இந்த நாலு மாசமும் அவளுக்குக் கெடைச்சிருக்காது. அதெல்லாம் சரிதான். ஆனா கேட்டிருக்கணும்ல டாக்டரம்மா?”

“கேட்டிருக்கணும்” என்றாள் எஸ்தர். வேறு எந்தச் சொல்லும் அந்த இடத்தில் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

தெளிந்த விஷயத்தை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். எஸ்தர் தலையசைத்தாள். அன்றே அவரை அனுமதித்து, மறுநாள் காலையில் கழுத்து ரத்தநாளம் வழியாகக் குழாயைச் செலுத்தி மடையின் தூரை எடுத்தாள். ரத்தம் நின்றது. வராந்தாவில் காத்திருந்த பஞ்சவர்ணத்திடம், மடை அடைத்துக்கொண்டிருந்தது, எடுத்தாயிற்று, பயமில்லை என்று சுருக்கமாகச் சொன்னாள். பஞ்சவர்ணம் கடவுளைக் கும்பிட்டாள். பிறகு யோசனையாக நின்றாள்.

“அடைச்சிருந்துச்சுன்னா, அப்ப அது வழியா ரத்தம் போகல?”

“போகலம்மா.”

“எம்புட்டு நாளா?”

எஸ்தர் வாய் திறந்தாள். சரியாகச் சொல்ல முடியாது என்று ஒரு டாக்டர் சொல்லக்கூடிய பதில் அவளிடம் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொன்னாள். பஞ்சவர்ணம் அவளை உற்றுப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போனாள்.

பின்னால் மழைக்காலத்தில் டெல்லிக் குழு வந்தபோது எஸ்தர் எல்லாவற்றையும் சொன்னாள். பன்றியிலிருந்து ஆரம்பித்தாள். மடைச் சோதனையை நிறுத்தி வைத்தார்கள். அவளைப் பற்றித் தனியாக விசாரணை உண்டு என்றார்கள். சக டாக்டர்கள் சிலர் லிஃப்டில் அவளைக் கண்டால் போனை எடுத்துப் பார்த்தார்கள். அதெல்லாம் தாங்கக்கூடியதாகவே இருந்தது. அந்த வராந்தாவில் பஞ்சவர்ணம் பார்த்த பார்வைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

குழு வருவதற்கு முன்பே, சோலைமலையை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. கடைசியாக ஒரு தடவை மடையின் அளவை அமைக்க வேண்டும். எஸ்தர் கருவியை அவர் வயிற்றின் மேல் வைத்து, அதன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். எந்த அளவில் வைக்கலாம் என்று அவரைக் கேட்டாள். அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை.

“நான் நானா இருக்கணும்னா எங்க வெக்கணும்?”

அவள் ஒரு கோட்டைக் காட்டினாள்.

“அங்கயே வெய்யுங்க. மிச்சத்த நான் பாத்துக்குறேன்.”

வைத்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி அங்கியை மாற்றிக்கொண்டார். சட்டையை ஒழுங்காகத்தான் முதலில் எடுத்தார். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைப் புரட்டி, தையல் வெளியே தெரிய உள்வெளியாகப் போட்டுக்கொண்டு, பட்டன்களைச் சிரமப்பட்டு மாட்டினார். எஸ்தரைப் பார்க்காமல் கதவைத் திறந்தார். எஸ்தரும் பின்னாலேயே போனாள்.

பஞ்சவர்ணம் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கணவரையும் அவர் சட்டையையும் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. தோளில் பையை மாட்டக் கையைத் தூக்கியபோது, வளையலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே மடித்துச் செருகிய பஸ் டிக்கெட் தெரிந்தது.

சோலைமலை அதைப் பார்த்தார். திரும்பி எஸ்தரைப் பார்த்தார். இல்லை, நான் சொல்லவில்லை என்று எஸ்தர் தலையை அசைத்தாள். அவர் மறுபடி மனைவியின் பக்கம் திரும்பினார். ஊரைக் கூட்டி விசாரித்த மனிதர், நடு வராந்தாவில் உள்வெளிச் சட்டையோடு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

“சட்டைய நேரா போட்டுக்கங்க” என்றாள் பஞ்சவர்ணம். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “எல்லாரும் பாக்குறாங்க.”

அவர் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரல்கள் இப்போது தடுமாறவில்லை. சட்டையைப் புரட்டி நேராகப் போட்டுக்கொண்டார். காலரை இழுத்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

“சாப்ட்டியா?”

அவர் காத்திருந்தார்.

“இன்னும் இல்ல” என்றாள்.

பையை அவர் வாங்கிக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை. இருவரும் படியிறங்கி, கேன்டீன் பக்கமாக நடந்தார்கள். எஸ்தர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் வளையலிலேயே இருந்தது.